‘இதே நாளில்’ பலகை எழுதுவது எப்படி: நாளை உறுதி செய்வது முதல் திருத்தம் போடுவது வரை

பள்ளி வாசலிலோ வாசகசாலைத் திண்ணையிலோ ஒரு கரும்பலகை வைத்து, வரலாற்றில் இதே நாளில் நடந்தவற்றைத் தினமும் எழுத விரும்புகிறவர்களுக்கான வழிகாட்டி இது. நான் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இந்த வேலையைச் செய்கிறேன். சித்தூர் வட்டத்துத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் என்னோடு சேர்ந்து எழுதுகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்தே பார்த்து வருவதால், அந்த இடங்களில்தான் அதிகம் நிற்கப்போகிறேன்.

பெரும்பாலானவர்கள் காலையில் மொபைலைத் திறந்து, கண்ணில் பட்ட ஐந்து நிகழ்வுகளைப் பலகையில் ஏற்றிவிடுகிறார்கள். எளிதுதான். ஆனால் நாளை உறுதி செய்யாமல் எழுதியது ஒருநாள் காலை வாரிவிடும். முதலில் நாள், அப்புறம் நிகழ்வு, கடைசியில்தான் பலகை. இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

1. பலகை யாருக்கு என்று தீர்மானியுங்கள்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும், சந்தைக்குப் போகும் வழியில் நின்று படிக்கும் விவசாயிக்கும் ஒரே பட்டியல் பொருந்தாது. காலை அசெம்பிளியில் வாசிக்கவா, நின்று படிக்கவா என்பதும் தெரிய வேண்டும். ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு’ என்று சொல்லி முடிக்கவே நேரம் பிடிக்கும். அதனால் வாசிப்பதற்கு மூன்று நிகழ்வு போதும். நின்று படிக்க ஐந்து வரை போகலாம். அதற்கு மேல் எழுதினால் எழுத்து சிறுத்துவிடும், யாரும் நிற்க மாட்டார்கள்.

2. முன்கூட்டியே வேண்டியவை

ஒரு தடித்த நோட்டு. அதில் 366 பக்கம், பக்கத்துக்கு ஒரு தேதி. புதியவர்கள் 365 பக்கம் போட்டுவிட்டுப் பிப்ரவரி 29 வந்ததும் விழிக்கிறார்கள். அந்த நாளை விட்டுவிட முடியாது. மொரார்ஜி தேசாய் பிறந்தது 1896 பிப்ரவரி 29. ருக்மிணி தேவி அருண்டேல் பிறந்தது 1904 பிப்ரவரி 29. இடையில் 1900 லீப் ஆண்டாக இல்லாததால், மொரார்ஜிக்கு அடுத்த பிப்ரவரி 29 வந்ததே ருக்மிணி தேவி பிறந்த நாளில்தான். இப்படி ஒரு செய்தி கிடைக்கும் பக்கத்தை ஏன் இழக்க வேண்டும்?

நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் நான்கு பத்தியாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இடது ஓரத்தில் ஆண்டு, நடுவில் நிகழ்வு, அடுத்து எங்கிருந்து எடுத்தோம் என்ற குறிப்பு, வலது ஓரத்தில் பென்சிலால் ஓர் எழுத்து. உறுதியானதற்கு ‘உ’. இன்னும் பார்க்க வேண்டியதற்கு ‘பா’. ‘பா’ இருக்கிற வரி பலகைக்குப் போகவே கூடாது. இந்த ஒரு பழக்கம் பாதிப் பிழைகளைத் தடுத்துவிடும். பென்சில் ஏன் என்றால், ‘பா’ ஒருநாள் ‘உ’ ஆக வேண்டும், சிலசமயம் ‘உ’ திரும்பவும் ‘பா’ ஆகும்.

இவற்றோடு ஒரு தமிழ்ப் பஞ்சாங்கம், ஒரு மலையாளப் பஞ்சாங்கம், கிழமை பார்க்க மொபைலில் ஒரு நாட்காட்டி, பக்கத்து நூலகத்தில் இருக்கும் கலைக்களஞ்சியம் எல்லாம் வேண்டும். எல்லைப் பகுதியில் இரண்டு பஞ்சாங்கமும் கட்டாயம். காரணம் நான்காம் படியில் வருகிறது.

3. உள்ளூரிலிருந்து தொடங்குங்கள்

உலக நிகழ்வுகளை முதலில் நிரப்பினால் பக்கம் நிறைந்துவிடும், உள்ளூருக்கு இடம் இருக்காது. அதனால் முதலில் நம் வட்டம், அடுத்து பாலக்காடு, கொச்சி, கோவை, அதன் பிறகு தமிழகமும் கேரளமும், பிறகு நாடு, கடைசியில் உலகம்.

அக்டோபர் 16 பக்கத்தை எடுத்துக்கொள்வோம். 1799-ல் கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட நாள். 1905-ல் வங்கப் பிரிவினை நடைமுறைக்கு வந்த நாள். 1945-ல் ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு தொடங்கிய நாள், உலக உணவு நாள் என்று கொண்டாடுவது அதனால்தான். 1974-ல் நம் பாலக்காட்டுக் கோட்டாயியைச் சேர்ந்த கர்நாடக இசைப் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் மறைந்த நாளும் அதுதான். இணையத்தில் கிடைக்கும் பொதுப் பட்டியல்களில் செம்பை அநேகமாக இருக்க மாட்டார். நம் ஊர்ப் பலகையில் அவர்தான் முதல் வரி.

டிசம்பர் 24 இன்னொன்று. 1524-ல் வாஸ்கோ ட காமா கொச்சியில் இறந்தார். 1973-ல் வேலூரில் பெரியார் மறைந்தார். 1987-ல் எம்.ஜி.ஆர். மறைந்தார். எம்.ஜி.ஆர். குடும்பத்தின் வடவன்னூர் இதே சித்தூர் வட்டத்தில் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதினால் பிள்ளைகள் சட்டென்று நின்று படிப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. சித்தூர் இரண்டு. ஒன்று நம்முடையது, மற்றது ஆந்திரத்துச் சித்தூர். மொபைலில் தேடினால் இரண்டும் கலந்து வரும். ‘1911 ஏப்ரல் 1, சித்தூர் மாவட்டம் உருவானது’ என்று ஒரு வரி கிடைக்கும். அது ஆந்திரத்துச் சித்தூர். நம்முடையது அன்று கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. ஊர்ப் பெயர் வந்தால் மாவட்டத்தையும் நோட்டில் குறித்துவிடுங்கள்.

4. கொல்லம் ஆண்டை மாற்றுதல்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

நம் பக்கத்துப் பழைய பத்திரங்கள், கோயில் கல்வெட்டுகள், வீட்டு மோட்டில் பொறித்த ஆண்டுகள் எல்லாம் கொல்லம் ஆண்டில், அதாவது மலையாள ஆண்டுக் கணக்கில், இருக்கும். கன்னியாகுமரி, செங்கோட்டை, திருநெல்வேலிப் பக்கமும் இதே வழக்கம் உண்டு. கொல்லம் ஆண்டு சிங்க மாதம், அதாவது நம் ஆவணி, முதல் நாளில் பிறக்கிறது. வட மலபாரில் மட்டும் கன்னி மாதத்தில் பிறக்கும்.

அதை ஆங்கில ஆண்டாக மாற்றும் கணக்கு இதுதான். ஆவணி முதல் டிசம்பர் 31 வரை உள்ள நாளென்றால் 824-ஐக் கூட்டுங்கள். ஜனவரி 1 முதல் ஆடி முடிய உள்ள நாளென்றால் 825-ஐக் கூட்டுங்கள். எல்லாவற்றுக்கும் 825 என்று மனப்பாடம் செய்தவர்கள் ஒரு வருடம் தள்ளிப் போகிறார்கள்.

எடுத்துக்காட்டாக, திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் கொல்லம் 1112 துலாம் 27. துலாம் என்பது ஐப்பசி. ஆண்டின் முற்பகுதி, அதனால் 824. கூட்டினால் 1936. நாள் நவம்பர் 12. இங்கே 825-ஐக் கூட்டியிருந்தால் 1937 என்று வந்திருக்கும்.

இன்னொன்று, நம் பெரியவர்கள் சொல்லும் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’. பிள்ளைகள் அதை 1999 என்றோ 1899 என்றோ எழுதிக்கொண்டு வருகிறார்கள். அது கொல்லம் 1099 கர்க்கடக மாதம். கர்க்கடகம் என்பது ஆடி, ஆண்டின் கடைசி மாதம். 825-ஐக் கூட்டினால் 1924. மூணாறைப் புரட்டிப்போட்டு, குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதையை அடித்துக்கொண்டு போன அந்தப் பெருவெள்ளம் 1924 ஜூலையில் வந்தது.

மார்கழியில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். தனு மாதம் டிசம்பரில் தொடங்கி ஜனவரியில் முடிகிறது. முதல் பாதிக்கு 824, மறுபாதிக்கு 825.

ஆண்டு சரி, நாள்? தமிழ் மாதமும் மலையாள மாதமும் ஒன்றுதானே என்று நினைத்து ‘ஐப்பசி 27’, ‘துலாம் 27’ இரண்டையும் ஒரே நாளாக எடுத்துவிடக் கூடாது. சூரியன் அடுத்த ராசிக்குள் நுழைவது அஸ்தமனத்துக்கு முன் என்றால், தமிழ் வழக்கில் அன்றே மாதம் பிறந்துவிடும். கேரள வழக்கில் அது உதயத்திலிருந்து 18 நாழிகைக்குள், அதாவது ஏறக்குறைய பகல் 1.12 மணிக்குள், நடந்தால்தான் அன்று மாதப்பிறப்பு. இல்லையென்றால் மறுநாள். ஆகவே பிற்பகலில் சங்கிரமணம், அதாவது இந்த ராசி மாற்றம், நடக்கும் மாதங்களில் இரண்டு கணக்குக்கும் ஒரு நாள் வித்தியாசம் வரும். இரண்டு பஞ்சாங்கமும் வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான்.

தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். ‘விளம்பி வருடம்’ என்று ஒரு பத்திரத்தில் இருந்தால் அது 1898-ஆ, 1958-ஆ என்று பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கூடவே கொல்லம் ஆண்டோ, பத்திரத்தில் வரும் ஆட்களின் தலைமுறையோ தெரிந்தால்தான் முடிவுக்கு வரலாம். அதுவரை ‘பா’.

5. திதி, நட்சத்திரம், தேதி மூன்றையும் பிரித்து வையுங்கள்

பலகை நாட்காட்டித் தேதிக்கு உரியது. நினைவு விழாக்கள் பலவும் அப்படி நடப்பதில்லை. திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனை சந்திரக் கணக்கின் புஷ்ய மாதத்தில் பகுள பஞ்சமித் திதியில் வரும், ஆண்டுக்கு ஆண்டு தேதி நகரும். தியாகராஜர் மறைந்தது 1847 ஜனவரி 6. பலகையில் ஜனவரி 6-தான் அவருக்கு. குருவாயூர் செம்பை சங்கீத உற்சவமும் ஏகாதசியை ஒட்டி நடப்பது, செம்பை மறைந்த தேதியோடு அதற்குத் தொடர்பு இல்லை.

ஸ்ரீ நாராயண குருவின் சமாதி நாள் நம் பள்ளிகளில் எல்லோரும் குழம்பும் இடம். அவர் சமாதியானது 1928 செப்டம்பர் 20, கொல்லம் 1104 கன்னி 5. கேரளத்தில் விடுமுறை கன்னி 5-ஐப் பின்பற்றுவதால், இப்போதெல்லாம் செப்டம்பர் 21 அல்லது 22-ல் வருகிறது. விடுமுறை நாளைப் பார்த்து ‘1928 செப்டம்பர் 21’ என்று எழுதிவிடுகிறார்கள். நிகழ்வைச் செப்டம்பர் 20 பக்கத்தில் எழுதுங்கள். விடுமுறை வரும் நாளில் ‘இன்று சமாதி தின விடுமுறை’ என்று மட்டும் ஒரு வரி போட்டால் போதும்.

நாளே தெரியாதவர்களும் உண்டு. மலையாளக் கவி துஞ்சத்து எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்தது நம் சித்தூர் குருமடத்தில் என்பது மரபு. அவரைப் பலகையில் ஏற்ற வேண்டும் என்று ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால் அவருக்குப் பிறந்த தேதி, மறைந்த தேதி என்று எதையும் நாம் உண்டாக்கக் கூடாது. திருவள்ளுவருக்கும் அப்படித்தான். பொங்கலுக்கு மறுநாள் திருவள்ளுவர் நாள், அதை அப்படியே எழுதலாம். ‘திருவள்ளுவர் பிறந்த நாள்’ என்று எழுதக் கூடாது.

6. 1752-க்கு முந்தைய ஐரோப்பியத் தேதிகள்

போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் தொடர்பான தேதி வந்தால் எந்த நாட்காட்டி என்று கேளுங்கள். 1582-ல் போப் கிரிகோரி நாட்காட்டியைத் திருத்தினார். அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆனது. ஸ்பெயினும் போர்ச்சுகலும் உடனே ஏற்றன. இங்கிலாந்து 1752-ல்தான் மாறியது, அங்கே செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. அதுவரை சென்னையில் இருந்த ஆங்கிலக் கம்பெனி எழுதிய தேதிகள் பழைய கணக்கு.

இதனால் ஒரே தேதி என்று எழுதியிருப்பது ஒரே நாளாக இல்லாமல் போகலாம். ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் 1616 ஏப்ரல் 23-ல் இறந்தார்கள் என்று புத்தக நாளன்று எழுதாத பலகை இல்லை. இங்கிலாந்தின் ஏப்ரல் 23, ஸ்பெயினின் ஏப்ரல் 23-க்குப் பத்து நாள் கழித்து வந்தது. அதிலும் செர்வாண்டிஸ் இறந்தது 22-ம் தேதி, 23 அடக்கம் செய்த நாள். எழுத வேண்டுமென்றால் ‘தேதி ஒன்று, நாள் வேறு’ என்ற குறிப்போடு எழுதுங்கள். பிள்ளைகளுக்கு அந்தக் குறிப்புதான் பிடிக்கும்.

திருவிதாங்கூர் டச்சுக்காரரோடு போரிட்ட குளச்சல் போர் 1741. சில புத்தகங்களில் ஜூலை 31, சிலவற்றில் ஆகஸ்ட் 10. நாங்கள் ஆகஸ்ட் 10 பக்கத்தில் எழுதி, ஜூலை 31 என்றும் சொல்வதுண்டு என்று அடைப்புக்குறிக்குள் போடுகிறோம். இரண்டு நாளிலும் தனித்தனியாக எழுதினால் இரண்டு போர் நடந்த மாதிரி ஆகிவிடும்.

ரஷ்யா 1918 வரை பழைய கணக்கிலேயே இருந்தது. அக்டோபர் புரட்சி நவம்பர் 7-ல் கொண்டாடப்படுவதற்குக் காரணம் அதுதான். அங்கே அக்டோபர் 25, மற்ற இடங்களில் நவம்பர் 7.

7. இரவில் நடந்தவையும் தூரத்தில் நடந்தவையும்

நம் மரபில் பொழுது விடிந்தால்தான் மறுநாள். கடிகாரக் கணக்கில் நள்ளிரவோடு நாள் மாறிவிடும். பாரதியார் நினைவு நாளில் இது தெரியும். அவர் உயிர் பிரிந்தது 1921 செப்டம்பர் 11 இரவு, நள்ளிரவு கடந்த பிறகு. அதனால் செப்டம்பர் 11 என்றும் 12 என்றும் இரண்டு வழக்கு இருக்கிறது. தமிழக அரசு செப்டம்பர் 11-ஐ மகாகவி நாளாக அறிவித்திருக்கிறது. நாங்கள் ‘11 நள்ளிரவுக்குப் பின்’ என்று எழுதுகிறோம். படிப்பவருக்கு இரண்டு வழக்கும் புரிந்துவிடும்.

தனுஷ்கோடிப் புயலுக்கும் (1964 டிசம்பர் 22 இரவு), போபால் விஷவாயுக்கும் (1984 டிசம்பர் 2 இரவு, விடிந்தால் 3) இதே முறைதான். இரவு என்ற ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டால் சண்டை இல்லை.

தூரத்து நிகழ்வென்றால் நேர வித்தியாசம் பாருங்கள். மனிதன் நிலவில் இறங்கியது 1969 ஜூலை 20 என்று உலகமே எழுதுகிறது. நம் கடிகாரத்தில் அப்போது ஜூலை 21 அதிகாலை 1.47. ஆம்ஸ்ட்ராங் காலடி வைத்தபோது இங்கே காலை எட்டரை ஆகப்போகிறது. பொது வழக்கு, நிகழ்வு நடந்த இடத்தின் தேதியை எடுப்பது. நிலவுக்கு இடத்துத் தேதி கிடையாது என்பதால் ஜூலை 20-ல் எழுதி நம் நேரத்தையும் சொல்லிவிடுங்கள்.

8. ஒரு நிகழ்வுக்கு எத்தனை தேதி?

சட்டம், ஒப்பந்தம், மாநிலம், அமைப்பு எதுவானாலும் ஒரே தேதி இருக்காது. பேசிய நாள், நிறைவேறிய நாள், கையெழுத்தான நாள், நடைமுறைக்கு வந்த நாள் என்று குறைந்தது இரண்டாவது இருக்கும். தவறு தேதியில் இருப்பதைவிட வினைச்சொல்லில்தான் அதிகம் இருக்கிறது.

அரசமைப்புச் சட்டம் ஏற்கப்பட்டது 1949 நவம்பர் 26. நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26. மாநில மறுசீரமைப்புச் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது 1956 ஆகஸ்ட் 31. நடைமுறை நவம்பர் 1. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கும் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது 1967 ஜூலை 18. பெயர் மாறியது 1969 ஜனவரி 14. புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது 1954 நவம்பர் 1. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16.

நம் விவசாயிகளுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு, தமிழகமும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம். சித்தூர்ப் புழைக்கு (ஆற்றுக்கு) மணக்கடவு அணைக்கட்டு வழியே ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் என்று பேசுகிறோமே, அந்த ஒப்பந்தம் கையெழுத்தானது 1970 மே 29. ஆனால் 1958 நவம்பர் 9 முதல் நடைமுறை என்று முன்தேதியிட்டது. ‘1958-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது’ என்று எழுதினால் தவறு. மே 29 பக்கத்தில் ‘கையெழுத்தானது’, நவம்பர் 9 பக்கத்தில் ‘இந்த நாள் முதல் செல்லும்’. இரண்டும் சரி.

நோட்டில் ஏற்றும்போதே வினையைத் தேர்ந்து எழுதுங்கள். ‘உருவானது’, ‘ஏற்பட்டது’ போன்ற பொதுவான சொல் வந்தால் நிறுத்திக் கேளுங்கள்: என்ன நடந்தது அன்று?

9. கிழமை சோதனையும் இரண்டாவது சான்றும்

ஒரு தேதியை இரண்டு இடத்தில் பார்த்த பிறகே ‘உ’ போடுங்கள். வாட்ஸ்அப்பில் ஐந்து குழுவில் ஒரே படம் வந்தால் அது ஐந்து சான்று ஆகாது, ஒன்றுதான். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதாகத் தெரிந்தால் அதுவும் ஒன்றுதான்.

கிழமை நல்ல சோதனை. பழைய செய்தியில் ‘வியாழக்கிழமை’ என்று இருக்கிறதா, மொபைல் நாட்காட்டியில் அந்தத் தேதி வியாழனா என்று பாருங்கள். 1956 நவம்பர் 1 வியாழன். 1947 ஆகஸ்ட் 15 வெள்ளி. 1948 ஜனவரி 30-ம் வெள்ளி. 2004 டிசம்பர் 26 சுனாமி ஞாயிறு. கிழமை ஒட்டவில்லை என்றால் எங்கோ இடிக்கிறது என்று பொருள். மொபைல் நாட்காட்டியில் 1582-க்கு முந்தைய கிழமைகளை மட்டும் நம்பாதீர்கள். பல செயலிகள் புதிய கணக்கையே பின்னோக்கி நீட்டிக் காட்டும்.

பழைய நாளிதழ் கையில் கிடைத்தால் அதன் மேல் இருக்கும் தேதியை எழுதிவிட வேண்டாம். அது அச்சான நாள். செய்திக்குள் ‘நேற்று’ இருக்கும், சிலசமயம் இரண்டு நாள் முந்தைய தேதியும் இருக்கும். நிகழ்வு நடந்தது எப்போது என்பதைச் செய்தியின் உள்ளே தேடுங்கள்.

பழைய தலைமுறைக்காரர்களின் பிறந்த நாளில் இன்னொரு சிக்கல். பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் போட்ட தேதிதான் பலருக்குச் சான்றிதழில் இருக்கும். உள்ளூர்ப் பெரியவரைப் பற்றி எழுதும்போது சான்றிதழ் தேதியும் வீட்டில் சொல்லும் தேதியும் ஒன்றா என்று குடும்பத்தாரிடம் கேட்டுவிடுங்கள்.

10. ஒரே நாள் என்பது தற்செயலா, வேண்டுமென்றே வைத்ததா?

பக்கம் நிறைந்த பிறகு இந்தக் கேள்வியைக் கேளுங்கள். பலகை உயிர் பெறுவது இதில்தான்.

1930 ஜனவரி 26-ல் முழுச் சுதந்திர நாள் கொண்டாடப்பட்டது. அதை நினைவில் வைத்துத்தான் 1950-ல் குடியரசு அதே நாளில் தொடங்கியது. இது வேண்டுமென்றே வைத்தது, இரண்டையும் அடுத்தடுத்து எழுதி ‘அதனால்’ என்று இணைக்கலாம். ஏப்ரல் 1-ல் பல அரசு மாற்றங்கள் வருவதற்குக் காரணம் அன்று நிதியாண்டு தொடங்குவது. ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1, திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1.

அக்டோபர் 2 வேறு மாதிரி. 1869-ல் காந்தி பிறந்தார், 1904-ல் லால் பகதூர் சாஸ்திரி பிறந்தார், 1975-ல் காமராஜர் மறைந்தார். இது தற்செயல். தற்செயலுக்குக் காரணம் கற்பிக்க வேண்டாம். ஆனாலும் காந்தியின் வழியில் கடைசிவரை நின்ற ஒருவர் காந்தி பிறந்த நாளில் போனதைப் படிக்கும்போது மனம் ஒரு நிமிடம் நிற்கத்தான் செய்கிறது. மூன்று வரியையும் விளக்கம் எதுவும் சேர்க்காமல் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதுங்கள், போதும்.

டிசம்பர் 15-ம் இப்படித்தான். 1950-ல் சர்தார் படேல் மறைந்தார், 1952-ல் தனி ஆந்திர மாநிலம் கேட்டு இருந்த உண்ணாவிரதத்தில் பொட்டி ஸ்ரீராமுலு உயிர்விட்டார்.

11. எல்லை சார்ந்த நாட்களை எழுதும் முறை

நவம்பர் 1-ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். கேரளப் பள்ளியில் அது கேரளப் பிறவி நாள். தமிழகத்தில் கன்னியாகுமரி மாவட்டம் இணைந்த நாள். ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் திண்ணையில் நிற்கும் பாதிப் பேருக்கு வருத்தம்.

எங்கள் நோட்டில் அந்தப் பக்கம் இப்படி இருக்கிறது:

1858 – இந்திய ஆட்சியை நேரடியாக ஏற்பதாக விக்டோரியா அரசியின் அறிக்கை வாசிக்கப்பட்டது.
1954 – புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது.
1956 – திருவிதாங்கூர்-கொச்சியும் மலபாரும் சேர்ந்து கேரளம் உருவானது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது. தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை, சித்தூர் கேரளத்தில் நின்றன.
1956 – ஆந்திரமும் தெலங்கானாவும் சேர்ந்து ஆந்திரப் பிரதேசம் ஆனது.
2000 – சத்தீஸ்கர் தனி மாநிலம் ஆனது.

1956-க்கு மட்டும் இரண்டு வரி, அதில் ஒன்று நீளம். நம் ஊர் இன்று இருக்கும் இடத்தில் இருப்பதற்கு அந்த வரிதான் காரணம், அதனால் இடம் கொடுத்தோம். ‘நின்றன’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ‘பறிபோயின’ என்றும் எழுதலாம், ‘தக்கவைத்தது’ என்றும் எழுதலாம். இரண்டும் ஒரு தரப்பின் குரல். பலகை இரண்டு தரப்புப் பிள்ளைகளும் சேர்ந்து படிப்பது. நடந்தது எதுவோ அதைச் சொல்லுங்கள், தீர்ப்பைப் படிப்பவருக்கு விடுங்கள்.

ஆனால் துயரத்தை மறைப்பது வேறு விஷயம். 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அதைக் கேரளத்தில் இருக்கிறோம் என்பதற்காக விடக் கூடாது. எழுத வேண்டும், நேராக எழுத வேண்டும்.

ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர், குப்பம் பக்கம் இருப்பவர்கள் மூன்று தேதிகளைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆந்திர மாநிலம் 1953 அக்டோபர் 1. ஆந்திரப் பிரதேசம் 1956 நவம்பர் 1. திருத்தணி மாற்றம் 1960 ஏப்ரல் 1. மூன்றும் வேறு வேறு நிகழ்வு.

12. பலகையில் எழுதுதல்

ஆண்டு முதலில், மஞ்சள் சாக்கட்டியில். நிகழ்வு வெள்ளையில். பழையது மேலே, புதியது கீழே. ஆண்டு வரிசை கலைந்தால் படிப்பவர் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒரு நிகழ்வுக்கு ஒரு வாக்கியம். யார், எங்கே, என்ன. ‘புகழ்பெற்ற’, ‘மாபெரும்’ போன்றவற்றை வெட்டுங்கள். அந்த இடத்தில் ஊர்ப் பெயரை எழுதினால் பயன் உண்டு.

வினையில் மரியாதையும் உண்மையும் சேர்ந்து இருக்கட்டும். நோயில் போனவர் ‘மறைந்தார்’. கட்டபொம்மன் மறையவில்லை, தூக்கிலிடப்பட்டார். காந்தி சுட்டுக்கொல்லப்பட்டார். 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதைக் கிறிஸ்துமஸ் வாழ்த்துக்குப் பக்கத்தில் எழுதாமல், கீழே கோடு போட்டுத் தனியாக எழுதுங்கள்.

உயிரோடு இருப்பவர்களின் பிறந்த நாளைத் தவிர்ப்பது என் வழக்கம். ஒருவரை எழுதினால் அடுத்த கட்சிக்காரர் வந்து நிற்பார், பலகை வாழ்த்துப் பலகை ஆகிவிடும்.

ஆடி, ஆவணி மழையில் திண்ணைப் பலகை நனையும். அந்த மாதங்களில் பலகையை உள்ளே எடுத்துவிடுங்கள். முந்தின இரவே எழுதி வைப்பதும் வேண்டாம். காலையில் எழுதினால் எழுதும் பிள்ளை ஒருமுறை நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும், இன்னொரு பிள்ளை உரக்க வாசிக்கும். 1799 என்பதை 1979 என்று எழுதியது அப்போதே மாட்டிக்கொள்ளும்.

13. திருத்தம்

யாராவது வந்து ‘இது தப்பு’ என்றால் அங்கேயே வாதம் செய்ய வேண்டாம். அவர் சொல்லும் தேதியையும் எங்கே பார்த்தார் என்பதையும் நோட்டில் அதே வரிக்குக் கீழே எழுதி, ‘உ’-வை அழித்து ‘பா’ போடுங்கள். பெரியவர்கள் சொல்வது கொல்லம் ஆண்டாகவோ நட்சத்திரக் கணக்காகவோ இருக்கும். நான்காம், ஐந்தாம் படிகளுக்குப் போனால் பல வழக்கும் அங்கேயே தீர்ந்துவிடும்.

பலகை தவறு என்று உறுதியானால் மறுநாள் மேல் மூலையில் ‘திருத்தம்’ என்று தலைப்பிட்டு, நேற்று எழுதியது என்ன, சரியானது என்ன என்று எழுதுங்கள். மூன்று நாள் அது அங்கேயே இருக்கட்டும், ஏனென்றால் தவறைப் படித்தவர் எல்லோரும் மறுநாளே அந்த வழியாக வருவதில்லை. நோட்டில் பழைய வரியைக் கிழிக்காமல் ஒரு கோடு மட்டும் போட்டு, பக்கத்தில் தேதியிட்டுச் சரியானதை எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதே பக்கத்தைத் திறக்கும் பிள்ளை பழைய தவறைத் திரும்பச் செய்யாமல் இருக்க அது வேண்டும்.